யாருக்கும் ஜெர்சி நிரந்தரம் இல்லை: பிரையன் கோடியின் 24 சீசன்கள்

2022 ஜூலை 23 அன்று அயர்லாந்தின் கில்கென்னி கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஹர்லிங் அணியின் மேனேஜர் பொறுப்பிலிருந்து பிரையன் கோடி விலகினார். ஹர்லிங் என்பது மட்டையும் பந்துமாக ஆடும் ஐரிஷ் ஆட்டம். அப்போது அவருக்கு வயது 68. பொறுப்பேற்றது 1998 நவம்பரில். இடையில் 24 சீசன்கள். அதில் 17 முறை அணியை நாட்டின் உச்சப் போட்டியான ஆல் அயர்லாந்து சாம்பியன்ஷிப்பின் ஃபைனலுக்குக் கொண்டுபோனார், 11 முறை கோப்பையோடு ஊர் திரும்பினார். லென்ஸ்டர் மாகாணப் பட்டம் 18. லீக் பட்டம் 10, 2021-ல் கால்வேயுடன் பகிர்ந்துகொண்டதையும் சேர்த்து. கில்கென்னி தன் வரலாறு முழுக்க ஜெயித்த ஆல் அயர்லாந்து பட்டங்கள் 36 என்றால், அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு மனிதரின் கணக்கில் வருகிறது.

இது எப்படி நடந்தது என்று கேட்டால் அயர்லாந்தில் வழக்கமாக இரண்டு பதில் கிடைக்கும். ஒன்று, ஹென்றி ஷெஃப்லின், டாமி வால்ஷ், ஜே.ஜே. டெலனி மாதிரி ஆட்கள் ஒரே காலத்தில் ஒரே ஊரில் பிறந்தால் யார் மேனேஜராக இருந்தாலும் ஜெயிப்பார்கள் என்பது. இன்னொன்று, கோடி ஒரு மேதை என்பது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் இரண்டுமே சோம்பேறித்தனமான பதில்கள். நல்ல ஆட்கள் ஒரு தலைமுறைக்குத்தான் வருவார்கள். கோடி மூன்று தலைமுறைகளை வைத்து ஜெயித்தார். மேதை என்று சொல்லிவிட்டால் அவர் என்னதான் செய்தார் என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும். அவர் செய்ததில் முக்கியமானது ஒரே விஷயம் என்று நினைக்கிறேன். அணியில் எந்த இடமும் யாருடைய சொந்த இடமாகவும் ஆகவிடாமல் 24 வருஷம் பார்த்துக்கொண்டார். அதற்குக் கொடுத்த விலையும் சின்னது இல்லை.

ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாக. ஹர்லிங்கில் ஒரு பக்கம் 15 பேர். கையில் ஆஷ் மரத்தில் செய்த, நுனி தட்டையாக அகன்ற மட்டை, பெயர் ஹர்லி. தோல் போர்த்திய சின்னப் பந்துக்கு ஸ்லிட்டர் என்று பெயர். கோல் கம்பத்தின் குறுக்குக் கட்டைக்கு மேலே போனால் 1 பாயின்ட், கீழே வலைக்குள் போனால் கோல், அது 3 பாயின்ட். ஸ்கோரை இரண்டையும் பிரித்து எழுதுவார்கள். 3-30 என்றால் 3 கோல், 30 பாயின்ட், ஆக 39. கவுண்டி சீனியர் ஆட்டம் 70 நிமிடம். ஹெல்மெட் கட்டாயமானதே 2010-ல்தான். அதுவரை வெறும் தலையோடு இந்த மட்டை வீச்சுக்குள் நுழைந்தவர்கள் நிறைய பேர். இத்தனைக்கும் சம்பளம் கிடையாது. ஆடுபவர்கள் எல்லாரும் அமெச்சூர்கள். பயணப்படி, அரசு தரும் சிறு மானியம், அவ்வளவுதான். திங்கட்கிழமை காலையில் ஆசிரியர் பள்ளிக்கும் விவசாயி மாட்டுத் தொழுவத்துக்கும் போயாக வேண்டும். மேனேஜருக்கும் அதே கதைதான். கோடி கில்கென்னி நகரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்தவர்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். ஐ.பி.எல். ஏலம் மாதிரி எதுவும் இங்கே இல்லை. பிறந்து வளர்ந்த ஊரின் கிளப்புக்கு ஆடுவார்கள், அங்கே நன்றாக ஆடினால் அந்தக் கவுண்டி அணிக்குக் கூப்பிடுவார்கள். மேனேஜர் வெளியூரிலிருந்து ஆள் வாங்க முடியாது. கில்கென்னி கவுண்டியில் மொத்தம் ஒரு லட்சம் பேர்தான். அந்த ஒரு லட்சத்துக்குள்ளிருந்துதான் 15 பேரைத் தேடியாக வேண்டும்.

ஆனால் அந்த ஒரு லட்சமும் ஹர்லிங்குக்கே நேர்ந்துவிட்ட மாதிரி. மற்ற கவுண்டிகளில் பையன்கள் கேலிக் ஃபுட்பால் (அயர்லாந்தின் சொந்தக் கால்பந்து) பக்கமும் பிரிவார்கள். கில்கென்னியில் சீனியர் கவுண்டி ஃபுட்பால் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. செயின்ட் கீரன்ஸ் கல்லூரி என்ற உயர்நிலைப் பள்ளி, அயர்லாந்துப் பள்ளிகளுக்கான ஹர்லிங் கோப்பையை வேறெந்தப் பள்ளியையும் விட அதிக முறை வென்றிருக்கிறது. கோடி அங்கே படித்தவர். ஷெஃப்லினும் அப்படித்தான். ஆகவே கோடிக்குக் கிடைத்தது வறண்ட நிலம் இல்லை. அவர் வருவதற்கு முன்பே கில்கென்னி 25 கோப்பைகள் ஜெயித்திருந்தது. மேதைக் கதையைச் சொல்கிறவர்கள் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆட்டக்காரராக

1954-ல் பிறந்த கோடியின் கிளப் ஜேம்ஸ் ஸ்டீஃபன்ஸ். ஊர்க்காரர்கள் அதை 'வில்லேஜ்' என்றுதான் சொல்வார்கள். 1972-ல் கில்கென்னி மைனர் (18 வயதுக்குட்பட்டோர்) அணிக்குக் கேப்டனாக ஆல் அயர்லாந்து பட்டம். 1974, 1975 இரண்டு வருஷமும் 21 வயதுக்குட்பட்டோர் பட்டம். 1975-லேயே சீனியர் அணியில் கார்னர் பேக், அதாவது தற்காப்பு ஆட்டக்காரர். ஃபைனலில் கால்வேயைத் தோற்கடித்தார்கள், வருஷத்தின் சிறந்த பதினைந்து பேருக்குத் தரும் ஆல் ஸ்டார் விருதும் அவருக்கு வந்தது. 21 வயசில் ஒரு ஹர்லிங் ஆட்டக்காரர் ஆசைப்படக்கூடியது எல்லாம் கையில் இருந்தது.

அப்புறம் 1978. கார்க் அணி தொடர்ந்து மூன்றாவது கோப்பைக்கு வந்திருந்தது. கில்கென்னி தேர்வாளர்கள் கோடியைத் தற்காப்பிலிருந்து தூக்கி, எதிரணிக் கோலுக்கு நேர் முன்னால் தாக்கி ஆடும் ஃபுல் ஃபார்வர்டாக நிறுத்தினார்கள். உயரமான ஆள், பந்தைப் பிடிப்பார் என்று கணக்கு. கணக்கு தப்பியது. கார்க் 1-15, கில்கென்னி 2-8. மறுநாள் ஊர் திரும்பிய அணியை வரவேற்கக் கூட்டம் கூடியிருந்தது. ஆட்டக்காரர்களின் பெயரை ஒவ்வொன்றாக அறிவித்தபோது, கோடியின் பெயருக்குச் சொந்த ஊர்க்காரர்களே கூச்சல் போட்டார்கள். பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அடுத்த வருஷம் கில்கென்னி ஜெயித்தபோது அவர் மாற்று ஆட்டக்காரர்களில் ஒருவர்.

அதற்குப் பிறகு பல பேர் கிளப்போடு நின்றிருப்பார்கள். கோடி திரும்பி வந்தார், தற்காப்பின் நடுவில் நிற்கும் ஃபுல் பேக்காக. அதோடு கேப்டனாக. கில்கென்னியில் ஒரு பழைய வழக்கம் உண்டு: முந்தைய வருஷம் கவுண்டி சாம்பியன் ஆன கிளப்தான் கவுண்டி அணியின் கேப்டனைச் சொல்லும். 1981-ல் ஜேம்ஸ் ஸ்டீஃபன்ஸ் ஜெயித்திருந்தது. 1982 ஃபைனலில் எதிரே அதே கார்க், அதன் கேப்டன் ஜிம்மி பேரி-மர்ஃபி. கில்கென்னி 3-18, கார்க் 1-13. நான்கு வருஷத்துக்கு முன் கூச்சல் போட்ட ஊருக்கு ஆல் அயர்லாந்து சாம்பியனுக்குத் தரும் லியாம் மெக்கார்த்தி கோப்பையை அவர்தான் கொண்டுபோனார். 1983-ல் மீண்டும் கார்க்கையே வீழ்த்தி இன்னொரு பட்டம்.

ஆக ஆட்டக்காரராக அவர் பெரிய ஆள்தான், ஆனால் ஷெஃப்லின் வரிசையில் வைக்கிற அளவுக்கு இல்லை. மேனேஜராக அவரைப் புரிந்துகொள்ள அந்த நான்கு வருஷம்தான் முக்கியம். விருது வாங்கியவனும் உட்காரவைக்கப்படலாம், உட்காரவைக்கப்பட்டவனும் திரும்பி வரலாம் என்பதை அவர் உடம்பாலேயே தெரிந்துகொண்டவர். பின்னாளில் ஒரு பையனை வெளியே வைக்கும்போது அவர் முகத்தில் தெரிந்த அமைதியை இரக்கமின்மை என்று பலர் சொன்னார்கள். இருக்கலாம். அவனுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்தே செய்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் மூன்று வருஷம்

1998 ஃபைனலில் ஆஃபலியிடம் கில்கென்னி தோற்றது. கெவின் ஃபென்னலி மேனேஜர் பொறுப்பை விட்டார், கோடி வந்தார். ஒரு கவுண்டி சீனியர் அணியை அவர் அதுவரை நடத்தியதில்லை. 1999 ஃபைனல் மழையில் நடந்தது. கார்க் 0-13, கில்கென்னி 0-12. கார்க்கின் மேனேஜர் வேறு யாருமில்லை, 1982-ல் எதிர் கேப்டனாக நின்ற அதே பேரி-மர்ஃபி. ஒரே ஒரு பாயின்ட்டில் போனது. 2000-ல் ஆஃபலியை 5-15க்கு 1-14 என்று நொறுக்கி முதல் கோப்பை. டி.ஜே. கேரி, சார்லி கார்ட்டர், இளம் ஷெஃப்லின் மூவரும் முன்வரிசையில். பார்க்க அவ்வளவு அழகான ஹர்லிங்.

2001 செமி ஃபைனலில் கால்வே வந்தது. அழகான ஹர்லிங்கை ஆட விடவே இல்லை. தோளால் மோதினார்கள், பந்து தரையில் கிடந்தால் மூன்று பேராக விழுந்தார்கள், கில்கென்னியின் நளினம் முழுக்கக் காணாமல் போனது. 2-15க்கு 1-13. கோடியின் காலத்தை இரண்டாகப் பிரிக்கச் சொன்னால் பெரும்பாலானவர்கள் இந்த ஆட்டத்தில்தான் கோடு போடுவார்கள். நானும் அங்கேதான் போடுவேன். அதற்குப் பிறகு அவர் கட்டிய அணிகளில் திறமை குறையவில்லை. ஆனால் தேர்வுக்கு முதல் தகுதி மாறியது: பந்து உன்னிடம் இல்லாதபோது நீ என்ன செய்கிறாய்?

இதை அவர் சோதித்த இடம் நோலன் பார்க். கில்கென்னியின் சொந்த மைதானம். அங்கே நடந்த உள் ஆட்டங்களைப் பற்றி அவரிடம் ஆடிய ஒவ்வொருவரும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். பயிற்சியின் கடைசிப் பகுதியில் அணியை இரண்டாகப் பிரித்து ஆடவிடுவார். விசில் கோடியின் கையில் இருக்கும், ஊதுவது அபூர்வம். ஃபைனலில் ரெஃப்ரி ஃபவுல் கொடுக்கக்கூடிய மோதலை இங்கே கண்டுகொள்ளாமல் விடுவார். முதல் பதினைந்தில் இருப்பவனை எதிர்த்து நிற்பவன் அவன் இடத்துக்கு ஆசைப்படுகிறவன். அவனுக்கு இந்த ஆட்டம்தான் ஆல் அயர்லாந்து. வியாழக்கிழமை சாயங்காலம் இங்கே தோற்றால் ஞாயிற்றுக்கிழமை, ஃபைனல் நடக்கும் டப்ளின் மைதானமான குரோக் பார்க்கில் இடமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். வீடியோ அலசல், பலகையில் அம்புக்குறி என்றெல்லாம் மற்ற அணிகள் மெனக்கெட்டுக்கொண்டிருந்த காலத்தில் கில்கென்னியின் உத்தி என்ன என்று கேட்டால் கோடி உத்தி என்ற சொல்லையே ஏதோ கெட்ட வார்த்தை மாதிரி ஒதுக்கிவிடுவார். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பின்னால் வருகிற 2006 ஃபைனல் அதற்குச் சாட்சி.

கேப்டனே போனபோது

2003-ல் கேப்டன் சார்லி கார்ட்டர். அவருடைய கிளப்பான யங் ஐயர்லண்ட்ஸ் கவுண்டி சாம்பியன் என்பதால் வந்த பதவி. ஆல் ஸ்டார் விருது வாங்கிய ஃபார்வர்டு. ஆனால் முதல் பதினைந்தில் இடமில்லை. கேப்டன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஜூன் மாதம் ஒரு லென்ஸ்டர் ஆட்டத்தில் மாற்றாகக்கூட அவரை இறக்கவில்லை. கார்ட்டர் அணியை விட்டே விலகினார். பிரையன் மெக்ஈவோயும் அந்த வருஷம் விலகினார்.

வேறெந்த கவுண்டியாக இருந்தாலும் இது ஒரு வருஷத்தையே விழுங்கியிருக்கும். கேப்டன் நடு சீசனில் போகிறார் என்றால் அது வெறும் தேர்வு விவகாரம் இல்லை, கிளப்புக்கும் கவுண்டிக்கும் மானப்பிரச்சினை. கோடி பின்வாங்கவில்லை, பேட்டி கொடுத்து விளக்கவும் இல்லை. கேப்டன் பதவி அதே கிளப்பைச் சேர்ந்த டி.ஜே. கேரிக்குப் போனது. செப்டம்பரில் கார்க்கை 1-14க்கு 1-11 என்று ஜெயித்து கேரி கோப்பையை வாங்கினார். 2002-ல் கிளேரை வென்றதோடு சேர்த்து இரண்டாவது தொடர் பட்டம்.

கார்ட்டர் விஷயத்தில் கோடி செய்தது சரியா? ஆட்டக்கணக்கில் சரி என்றுதான் வந்தது. மனுஷக் கணக்கில் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. பல வருஷம் சம்பளமில்லாமல் ஆடியவரிடம் இதைவிட மென்மையாக நடந்திருக்கலாம் என்று இன்றும் கில்கென்னியில் சொல்பவர்கள் உண்டு. ஆனால் அணிக்குள் அது என்ன செய்தி அனுப்பியது என்பதில் சந்தேகமே இல்லை. கேப்டனுக்கே இடம் உறுதியில்லை என்றால் மற்றவர்களுக்கு? 2014-லும் அந்த வருஷக் கேப்டன் லெஸ்டர் ரையன் ஃபைனலில் முதல் பதினைந்தில் இல்லை. அவர் விலகவில்லை, கோப்பையை வாங்கப் படியேறினார். பதினோரு வருஷத்தில் அந்த அணியின் பழக்கமே மாறியிருந்தது.

நான்கு தொடர் கோப்பை

2004-ல் கார்க்கிடம் ஃபைனலில் 0-17க்கு 0-9 என்று தோல்வி. 2005 செமி ஃபைனலில் கால்வே 5 கோல் அடித்து வெளியேற்றியது. கோடியின் காலம் முடிந்தது என்ற பேச்சு அப்போதே கிளம்பிவிட்டது. 2006-ல் கார்க், 1978 மாதிரியே, மூன்றாவது தொடர் கோப்பைக்கு வந்தது.

அந்தக் கார்க் அணி பந்தை வீணாக்காத அணி. கோல்கீப்பர் டோனல் ஓக் குசாக் பந்தை மைதானத்தின் நடுவுக்குத் தூக்கி அடித்து யார் பிடிக்கிறார்களோ பிடிக்கட்டும் என்று விடமாட்டார். ஆள் பார்த்து, இடம் பார்த்து அனுப்புவார். அங்கிருந்து கைமாற்றிக் கைமாற்றி முன்னேறுவார்கள். இதை உடைக்க கில்கென்னி தன் ஃபார்வர்டுகளைக் கோல் அடிக்கிறவர்களாக மட்டும் வைக்கவில்லை. அவர்கள் பின்னால் இறங்கி வந்து கார்க் தற்காப்பு ஆட்களின் முகத்துக்கு முன்னால் நின்றார்கள். தலை தூக்கிப் பார்க்க ஒரு நொடி கிடைத்தால்தானே ஆள் பார்த்து அனுப்ப முடியும்? அந்த நொடியை எடுத்துக்கொண்டார்கள். எய்டன் ஃபோகார்ட்டி அடித்த கோலோடு கில்கென்னி 1-16, கார்க் 1-13. உத்தி இல்லை என்று சொன்ன மனிதரின் உத்தி இது. வேலை செய்கிறவன் தான் ஃபார்வர்டு, அடிக்கிறவன் மட்டும் இல்லை என்று ஐந்து வருஷம் நோலன் பார்க்கில் பழக்கியிருந்ததால் அன்றைக்கு அது புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடமாக இருக்கவில்லை.

2007-ல் லிமெரிக். 2008-ல் வாட்டர்ஃபர்ட், அது ஆட்டமே இல்லை. 3-30க்கு 1-13, 23 பாயின்ட் வித்தியாசம். ஃபைனலில் ஓர் அணி இவ்வளவு பிழையில்லாமல் ஆடியதை யாரும் பார்த்ததில்லை என்று வயதானவர்கள்கூட ஒத்துக்கொண்டார்கள். மூன்று தொடர் கோப்பை என்பது கில்கென்னிக்கு 1913-க்குப் பிறகு முதல் முறை. 2009-ல் டிப்பரரி கிட்டத்தட்டப் பிடித்துவிட்டது. பத்து நிமிடம்கூட மீதமில்லாத நேரத்தில் கில்கென்னிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது; இன்றும் டிப்பரரியில் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் டீ ஆறிவிடும். ஷெஃப்லின் வலைக்குள் அடித்தார், உடனே மார்ட்டின் காமர்ஃபோர்ட் இன்னொரு கோல். 2-22க்கு 0-23. 1941 முதல் 1944 வரை கார்க் செய்த நான்கு தொடர் கோப்பையைச் சமன் செய்தாகிவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தை ஒதுக்கக் கூடாது. இந்தக் காலத்தில் முக்கிய எதிரியான கார்க், தன் கவுண்டி நிர்வாகத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. 2007 முடிவிலும் 2008 முடிவிலும் கார்க் ஆட்டக்காரர்கள் இரண்டு குளிர்காலம் ஸ்ட்ரைக்கில் இருந்தார்கள். 2004-லும் 2005-லும் கோப்பை வாங்கிய ஓர் அணி தானே தன்னைக் கலைத்துக்கொண்டது. கோடியின் நான்கு தொடர் கோப்பையை இது சிறிதாக்காது, ஆனால் பாதையில் ஒரு பெரிய பாறை தானாக விலகியது உண்மை.

2010, ஐந்தாவது கோப்பைக்கான ஃபைனல். செமி ஃபைனலில் ஷெஃப்லினுக்கு முழங்காலில் குரூசியேட் தசைநார் கிழிந்திருந்தது. நான்கு வாரத்தில் ஆடுவாரா மாட்டாரா என்று நாடே பேசிக்கொண்டிருக்க, நோலன் பார்க்கில் அவர் பயிற்சி செய்வதைப் பார்க்கவே ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். கோடி அவரை இறக்கினார். கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. நொண்டிக்கொண்டு வெளியே வந்தார். டிப்பரரியின் லார் கார்பெட் மூன்று கோல். 4-17க்கு 1-18. எந்த இடமும் யாருக்கும் சொந்தமில்லை என்று இத்தனை வருஷம் நடந்துகொண்ட மேனேஜர், ஒரே ஒரு முறை ஒரு மனிதருக்காக விதியைத் தளர்த்தினாரோ என்று தோன்றும். ஷெஃப்லின் மட்டும் முழுசாக இருந்திருந்தால் ஜெயித்திருப்பார்களா என்று தெரியாது. அன்றைக்கு டிப்பரரி அவ்வளவு நன்றாக ஆடியது.

வால்ட்டர் வால்ஷ்

அவரது தேர்வு முறை எப்படி என்று ஒரே ஆட்டத்தைக் காட்டச் சொன்னால் 2012 ரீப்ளேயை, அதாவது டிரா ஆனதால் மறுபடி ஆடிய ஃபைனலைக் காட்டுவேன். அந்த வருஷம் லென்ஸ்டர் ஃபைனலில் கால்வே கில்கென்னியை 10 பாயின்ட் வித்தியாசத்தில் அடித்திருந்தது. ஆல் அயர்லாந்து ஃபைனலிலும் அதே கால்வே. கடைசி நேரத்தில் ஜோ கானிங் ஒரு ஃப்ரீயை (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா அடி) அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார்: 0-19, 2-13. எல்லைக்கோட்டில் கோடியும் கால்வே மேனேஜர் ஆன்டனி கனிங்ஹமும் மார்போடு மார்பு முட்டி வாக்குவாதம் செய்ததை டி.வி.யில் எல்லாரும் பார்த்தார்கள். மூன்று வாரம் கழித்து ரீப்ளே.

ஃபைனலில் டிரா செய்த அணியை எந்த மேனேஜரும் கூடுமானவரை கலைக்கமாட்டார். கோடி 21 வயசு வால்ட்டர் வால்ஷை முதல் பதினைந்தில் போட்டார். அவன் அதுவரை ஒரு சீனியர் சாம்பியன்ஷிப் ஆட்டம்கூட ஆடியதில்லை. முதல் ஆட்டமே குரோக் பார்க்கில், 82,000 பேர் முன்னால், ஆல் அயர்லாந்து ரீப்ளே. பையன் 1-3 அடித்தான், ஆட்ட நாயகன் விருதும் அவனுக்கே. 3-22க்கு 3-11. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குச் சூதாட்டம் மாதிரி தெரிந்தது. உள் ஆட்டங்களில் அவன் யாரை எப்படி மோதினான் என்று வாரக்கணக்கில் விசிலோடு நின்று பார்த்தவருக்கு அது சூதாட்டமாக இருந்திருக்காது. பெயர், அனுபவம், போன ஆட்டத்தின் தயவு எதையும் பார்க்காமல் இந்த வாரம் யார் என்று மட்டும் கேட்டால் கிடைக்கும் விடை அது.

2013 ஏப்ரலில் கோடிக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. கொஞ்ச காலம் மைக்கேல் டெம்ப்சியும் மார்ட்டின் ஃபோகார்ட்டியும் அணியைப் பார்த்துக்கொண்டார்கள், லீக் பட்டத்தையும் வாங்கினார்கள். கோடி கோடைக்குள் திரும்பிவிட்டார். கால் இறுதியில் கார்க் வெளியேற்றியது. அந்தப் பக்கம் மேனேஜர் மறுபடியும் பேரி-மர்ஃபி.

2014 ஃபைனலும் டிராதான். டிப்பரரியின் ஜான் ஓ'டயர் கடைசி விநாடிகளில் வெகுதூரத்திலிருந்து அடித்த ஃப்ரீ கம்பத்துக்கு வெளியே போனது என்று ஹாக்-ஐ கேமரா சொன்னது, மயிரிழை. ரீப்ளேயில் ஒரு காட்சி. டிப்பரரியின் ஷேமஸ் காலனன் கோலுக்கு எதிரே தனியாகப் பந்தோடு வந்துவிட்டார், மட்டையை ஓங்கிவிட்டார். பின்னாலிருந்து ஓடிவந்த ஜே.ஜே. டெலனி முழு நீளத்துக்குக் கையை நீட்டி, தன் ஹர்லியின் நுனியால் அந்த வீச்சைப் பிடித்து நிறுத்தினார். ஹூக் என்பார்கள். ஸ்கோர்போர்டில் இதற்கு இடம் கிடையாது. அந்தக் காலத்துக் கில்கென்னியை ஒரே அசைவில் காட்டச் சொன்னால் பலர் அதைத்தான் காட்டுவார்கள். 2-17க்கு 2-14, பத்தாவது கோப்பை.

அதே வருஷம் டாமி வால்ஷ் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தார். 2003 முதல் 2011 வரை ஒன்பது வருஷம் தொடர்ந்து ஆல் ஸ்டார் வாங்கியவர். ஷெஃப்லினும் அப்படித்தான், பத்தாவது பதக்கத்தை வாங்கிய வருஷத்தில் அவர் மாற்று ஆட்டக்காரர். சில மாதங்களுக்குள் வால்ஷ், டெலனி, பிரையன் ஹோகன், ஷெஃப்லின் எல்லாரும் ஓய்வு பெற்றார்கள். ஒரு தலைமுறையே காலி. 2015-ல் கோடி புது ஆட்களோடு மீண்டும் ஜெயித்தார், கால்வேயை 1-22க்கு 1-18 என்று. பதினொன்றாவது. திறமையான தலைமுறை கிடைத்தது, அதனால் ஜெயித்தார் என்கிற வாதத்துக்கு இந்த ஒரு வருஷம் போதுமான பதில்.

அதற்குப் பிறகு

அதுதான் கடைசியும். இன்னும் ஏழு வருஷம் இருந்தார், மூன்று ஃபைனல் ஆடினார், மூன்றிலும் தோல்வி. 2016-லும் 2019-லும் டிப்பரரி, 2022-ல் லிமெரிக். 2019-ல் டிப்பரரிக்கு மேனேஜர் லியாம் ஷீடி; 2010-ல் ஐந்தாவது கோப்பையைப் பறித்தவரும் அவரே.

ஆட்டம் மாறிக்கொண்டிருந்தது. லிமெரிக்கின் ஜான் கைலி கட்டிய அணி உடல்பலத்திலும் கில்கென்னிக்குச் சளைக்கவில்லை, பந்தை வைத்துக்கொண்டு இடம் உருவாக்குவதிலும் முன்னே இருந்தது. நீளமாக அடித்து மேலே பந்துக்குப் போட்டியிடும் கில்கென்னி முறை பழசாகத் தெரிய ஆரம்பித்தது. கோடி மாற்றிக்கொள்ளத் தாமதித்தார் என்ற விமர்சனம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

ஆனால் 2019 செமி ஃபைனலை மறக்க முடியாது. நடப்பு சாம்பியன் லிமெரிக். கில்கென்னியிடம் 2008-ன் திறமையில் பாதிகூட இல்லை. ஆரம்பம் முதல் லிமெரிக்கை மூச்சுவிட விடாமல் ஆடினார்கள். கடைசியில் லிமெரிக்குக்கு ஒரு சைடுலைன் கட், எல்லைக்கோட்டிலிருந்து அடிக்கும் அடி. பந்து கில்கென்னியின் கிலியன் பக்லியின் மட்டையில் உரசி வெளியே போனது. 65 மீட்டர் ஃப்ரீ கொடுத்திருக்க வேண்டும். நடுவர்கள் கவனிக்கவில்லை. ஆட்டம் முடிந்தது, 1-21க்கு 2-17, ஒரே பாயின்ட். லிமெரிக் 2018-லும், பிறகு 2020 முதல் 2023 வரை நான்கு முறையும் கோப்பை வாங்கியது. நடுவில் இருக்கும் அந்த ஓட்டை கோடி போட்டது. சோர்ந்த அணியைக் கொண்டு செய்தது என்பதால், அவருடைய கோப்பை ஜெயித்த சில வருஷங்களைவிட இந்த ஒரு ஆட்டத்தை உயரத்தில் வைப்பேன்.

கடைசி சீசனில் எதிர்ப்பக்கம் ஷெஃப்லின் நின்றார், கால்வேயின் மேனேஜராக. 2022 மே 1, கால்வேயின் சொந்த மைதானம் இருக்கும் சால்ட்ஹில். கால்வே கடைசி நேர ஃப்ரீயில் ஒரு பாயின்ட்டில் ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள். கொடுத்துக்கொண்டார்கள் என்று சொல்வதே அதிகம். கோடி ஒரு விநாடிக்குமேல் நிற்கவில்லை, முகத்தில் சிரிப்பு இல்லை. அந்தக் காட்சியை வைத்து அயர்லாந்து வாரக்கணக்கில் அரட்டை அடித்தது. பத்துப் பதக்கமும் இவரிடம் ஆடி வாங்கியவர் அல்லவா அந்தப் பக்கம் நிற்பது? எனக்கு அதில் பெரிய மர்மம் எதுவும் தெரியவில்லை. அன்றைக்கு ஷெஃப்லின் வேறு ஜெர்சிக்காரர், கில்கென்னி தோற்றிருந்தது. ஒரு மாதம் கழித்து லென்ஸ்டர் ஃபைனலில் கில்கென்னி 0-22க்கு 0-17 என்று கணக்கைத் தீர்த்தது.

ஜூலை 17 அன்று ஃபைனலில் லிமெரிக் 1-31, கில்கென்னி 2-26. இரண்டே பாயின்ட். ஆறு நாளில் கோடி விலகினார். பிரிவு விழா, மைதான வலம் எதுவும் இல்லை. கவுண்டி நிர்வாகத்தின் ஓர் அறிக்கை வந்தது.

அவரிடம் ஆடியவர்களில் ஷெஃப்லின் தவிர எடி பிரென்னன் லீஷ் அணியையும், மைக்கேல் ஃபென்னலி ஆஃபலியையும், டேவிட் ஹெரிட்டி கில்டேரையும் நடத்தியிருக்கிறார்கள். 2019-ல் பிரென்னனின் லீஷ், டப்ளினைத் தோற்கடித்தது அந்த வருஷத்தின் பெரிய அதிர்ச்சிகளில் ஒன்று. கில்கென்னியில் கோடியின் இடத்துக்கு வந்த டெரெக் லிங்கும் அவருடைய பழைய மிட்ஃபீல்டர்தான். லிங்கின் அணி லென்ஸ்டரை 2023, 2024, 2025 மூன்று வருஷமும் ஜெயித்தது. 2023 ஃபைனலில் லிமெரிக்கிடம் தோற்றது, அடுத்த இரண்டு வருஷமும் செமி ஃபைனலோடு நின்றது. 2015-க்குப் பிறகு கில்கென்னிக்குக் கோப்பை வரவில்லை. அந்த வறட்சியின் முதல் ஏழு வருஷம் கோடியுடையது. லிங்கைத் திட்டுகிற உள்ளூர்க்காரர்கள் அதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.